அவையும் மருத்துவர் அறையும்

தமிழ் இலக்கண வகுப்பில் தகுதி வழக்கு கற்பிக்கப்படும் நாளில் மாணவர் முகங்களில் தனியொரு மலர்ச்சி தோன்றுவதைக் காணலாம். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றையும் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், முதலாவதற்கு எடுத்துக்காட்டாகக் ‘கால் கழுவி வந்தான்’ என்பார். வகுப்பில் மெல்லிய நகைப்பொன்று எழும். பின்வரிசையில் இருக்கும் ஒருவன் அடுத்தவனை முழங்கையால் இடிப்பான். ஆசிரியரும் அதனைக் காணாதவர்போல் மங்கலத்துக்குச் சென்றுவிடுவார்.

தேர்வில் வினா வரும், விடையும் எழுதப்படும். பாடம் முடிந்தது என்றே எல்லாரும் எண்ணுவர். ஆனால் அந்த நகைப்பே ஒரு பாடம். உடம்பின் ஒரு பகுதியைப் பற்றி வாய் திறந்தால் பிறர் சிரிப்பர் என்பதை அச்சிறுவன் அன்று மீண்டும் ஒரு முறை கற்றுக்கொள்கின்றான். இலக்கணத்தை மறந்தாலும் இதனை அவன் மறப்பதில்லை.

நாகரிகத்தின் பொருட்டு எழுந்த ஒரு மொழி மரபு மனித உயிருக்கு ஊறு செய்ய இயலுமா? இவ்வினா முதற்பார்வைக்கு மிகையாகத் தோன்றலாம். பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், இளவயதினரிடம் எவ்வாறு வளர்ந்து எவ்வளவு காலந்தாழ்ந்து அறியப்படுகின்றது என்பதைப் பார்த்தவர்க்கு அது மிகையாகத் தோன்றாது.

இந்நோய் முதியோர்க்கு உரியது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றும் நோயாளருள் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்களே. ஆயினும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஐம்பது வயதுக்குக் குறைந்த அமெரிக்கரிடையே இது ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு வரை ஏறிவந்துள்ளது. 1995இல் அந்நாட்டில் இந்நோய் கண்டவருள் 55 வயதுக்குக் குறைந்தோர் 11 விழுக்காட்டினர். 2019இல் அவர்கள் 20 விழுக்காட்டினர். 1990ஆம் ஆண்டளவில் பிறந்தவர்க்கு, 1950 அளவில் பிறந்தவர் அதே வயதில் இருந்த நிலையோடு ஒப்பிடுகையில், பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு இரு மடங்கு என்றும் மலக்குடல் புற்று வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்றும் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐம்பதுக்குக் குறைந்த அமெரிக்கரின் புற்றுநோய்ச் சாவுகளில் 1990களின் இறுதியில் நான்காம் இடத்தில் இருந்த இந்நோய், 2024இல் வெளியான அறிக்கையின்படி, அவ்வயது ஆடவரிடையே முதலிடத்துக்கும் பெண்டிரிடையே இரண்டாம் இடத்துக்கும் வந்துவிட்டது.

மலேசியர் இதனை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நாட்டு ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலாவது. அவ்வாண்டுகளில் இந்நோய் கண்டவருள் பத்தில் ஏழு பேர் அளவில், நோய் மூன்றாம் கட்டத்தையோ நான்காம் கட்டத்தையோ அடைந்த பிறகே கண்டறியப்பட்டனர்.

இத்தனைக்கும் இது விரைந்து கொல்லும் நோயன்று. குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு சதைமொட்டு தோன்றி, அது புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டளவு ஆகின்றது. அதற்கிடையே குடலுள் நோக்கும் கருவியால் மொட்டைக் கண்டு அகற்றிவிட்டால் நோயே வாராமல் தடுக்கலாம். புற்றாகிய பின்னும் அது குடலளவில் நின்றிருக்குமானால், அமெரிக்கக் கணக்கின்படி, பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பின் கண்டறியப்படுவோரில் ஐந்தாண்டு கடப்பவர் ஏழில் ஒருவர் அளவே. இவ்வளவு அவகாசம் தரும் நோய்கள் மிகச் சிலவே. அந்த அவகாசம் எங்கே கரைந்து போகின்றது?

முதியோரைச் சோதனை தேடி வருகின்றது. மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் கலந்துள்ளதா என்று அறியும் எளிய சோதனை மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு; அதற்கென வகுக்கப்பட்ட வயது ஐம்பதில் தொடங்கியது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இல் இத்தகைய சோதனைகளுக்குரிய தொடக்க வயதை ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைத்தது. அந்நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2021இல் அவ்வாறே செய்தது. முப்பதிலும் முப்பத்தைந்திலும் இருப்பவனைத் தேடி எந்தச் சோதனையும் வருவதில்லை. அவனுடைய உடம்பில் நிகழ்வது வெளியுலகுக்குத் தெரிய ஒரே வழி அவனுடைய வாய். அவன் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. ஆகவேதான் இது மருத்துவச் சிக்கலாக மட்டும் நில்லாமல் சொல்லின் சிக்கலாகவும், அதன் வழியே அறத்தின் சிக்கலாகவும் ஆகின்றது.

ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். வயது முப்பத்து மூன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஐந்தாம் படிவம் முடித்து, பட்டணத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளனாக இருக்கின்றான். மணமாகி ஒரு பெண் குழந்தை. ஒருநாள் காலை மலத்தோடு இரத்தத்தைக் காண்கின்றான். நெஞ்சு திடுக்கிடுகின்றது. அடுத்த இரண்டு நாள் ஒன்றும் இல்லை, மறந்துவிடுகின்றான். மறுமாதம் மீண்டும் காண்கின்றான். மனைவியிடம் சொல்லலாம், ஆனால் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியவில்லை. வேலையிடத்தில் மூத்தவர் ஒருவரிடம் ‘உடம்பு சூடு, அண்ணே’ என்கின்றான். ‘இளநீர் குடி, தம்பி, காரத்தைக் குறை’ என்று அவரும் அன்போடு சொல்கின்றார். பிறகு ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று தனக்குத்தானே ஒரு பெயரைத் தேடிக்கொள்கின்றான். மூலமும் கூச்சத்துக்குரியதுதான், ஆனால் அச்சத்துக்குரியதன்று. அஞ்சத்தக்க ஒன்றிலிருந்து தப்பி, கூசத்தக்க ஒன்றில் அடைக்கலம் புகுகின்றான்.

ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் செல்கின்றான். ‘என்ன செய்கிறது?’ என்று கேட்கின்றார். ‘வயிறு சரியில்லை, டாக்டர்’ என்கின்றான். வயிற்றுக்குரிய மாத்திரை கிடைக்கின்றது. வெளியே இன்னும் பன்னிருவர் காத்திருக்கின்றனர்.

இவ்விருவரில் எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் தீயவரல்லர். இளைஞன் இடக்கரடக்கலில் பேசினான். மருத்துவர் அதன் நேர்ப்பொருளையே கொண்டார். அவ்வளவே நிகழ்ந்தது. வயிற்று வலி, மலத்தில் இரத்தம், நீங்காத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச் சோகை என்னும் நான்கும், ஐம்பதுக்குக் குறைந்த நோயாளரிடம் நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முதல் ஈராண்டு முன்பே தோன்றியிருந்தன என்பதை 2023இல் வெளிவந்த வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. உடம்பு பேசத் தொடங்கிய பிறகும் வாய் பேசாதிருந்த காலம் அது என்று கொள்ளலாம்.

எல்லாப் பழியையும் வாயின்மேல் சுமத்துவதும் நேர்மையன்று. அவ்விளைஞன் உள்ளதை உள்ளவாறே சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த வயதில் அதெல்லாம் வராது; மூலம்தான்’ என்னும் மறுமொழி கிடைக்கக்கூடும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இளவயதில் மலத்தோடு இரத்தம் கண்டவர் நூறு பேரை எடுத்துக்கொண்டால் மிகப் பலர்க்கு அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். பெரும்பாலோர்க்குப் பொருந்தும் உண்மையை எதிரே அமர்ந்திருக்கும் ஒருவன்மேல் ஆராயாமல் ஏற்றுவதில்தான் பிழை நேர்கின்றது. நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் கருதிச் செய்க என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொன்னார். நோயுற்றவனின் அளவு என்பதில் வயதும் அடங்கும். வயதைக் கருதிப் பார்ப்பது வேறு. வயதைக் காரணமாக்கிப் பார்க்காமல் விடுவது வேறு. பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரத்தச் சோகையோடு வரும் இளந்தாய் ஒருத்தியின் சோர்வுக்கு மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் ஆயத்தமான விடைகளாக இருக்கின்றன. அவற்றைக் கடந்து இன்னொரு வினா கேட்கப்படுவதற்குள் காலம் போய்விடுகின்றது.

வாய் ஏன் மூடியது என்பதற்கு விடை நாணம் என்பது. நாணம் தமிழர் போற்றும் பண்பு. அதனைக் குறைகூறுவதற்கு எந்தத் தமிழாசிரியரும் தயங்குவார், தயங்கவும் வேண்டும். ஆயினும் திருக்குறளில் ‘நாணுடைமை’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஒரு பிரிவு செய்யப்பட்டிருப்பதைக் கருத வேண்டும். தகாத செயல் காரணமாக வருவதே வள்ளுவர் அங்கே போற்றும் நாணம். மற்ற கூச்சங்களை அவர் வேறென விலக்கி வைக்கின்றார். குடலின் உட்சுவரில் ஒரு மொட்டு முளைத்தது அவ்விளைஞன் செய்த செயலன்று. இரத்தம் கசிந்ததும் அவன் செயலன்று. செயலே இல்லாத இடத்தில் நாணுவதற்கு என்ன இருக்கின்றது? அங்கே இருப்பது நாணத்தின் உடையை உடுத்திக்கொண்ட அச்சம். சிரிப்பார்களோ என்னும் அச்சம்.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் கூடும். ஓரிடத்தில் நாணத்தைக் கைவிடக் கற்றவன் எல்லா இடத்திலும் கைவிடுவான்; ஆகவே வேலியில் ஒரு துளையும் இடலாகாது என்பர் சிலர். வலிமையான மறுப்புத்தான். ஆனால் இதற்கு விடை அயலில் தேட வேண்டியதில்லை. இடக்கரடக்கலை வகுத்த இலக்கணத்துக்குள்ளேயே இருக்கின்றது. அத்தகைய சொற்களைத் தொல்காப்பியர் ‘அவையல் கிளவி’ என்கின்றார். அவைக்கு ஆகாத சொல் என்பதே அதன் பொருள். சொல்லின்மேல் அவர் குற்றம் காணவில்லை, இடத்தைக் குறித்தார். பலர் கூடிய இடத்தில் மறைத்துச் சொல் என்றாரேயன்றி, எங்குமே சொல்லாதே என்றாரில்லை. அடுத்து, வழக்கில் பயின்றுவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்று விலக்கும் தந்தார். ஆவின் சாணத்தைக் குறிக்கும் ‘ஆப்பி’ போன்ற சொற்கள் அவ்வாறு பயின்றவை. தமிழர் வீட்டு முற்றம் சாணம் கரைத்துத் தெளிக்கப்பட்டது. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணத்தைப் பிடித்து வைத்து அதன்மேல் பூசணிப்பூவைச் செருகினர். அருவருப்பு பொருளில் இல்லை, பழக்கத்தில் இருக்கின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மருத்துவர் அறை அவையன்று. கதவு சாத்திய அவ்வறையில் இருவரே இருக்கின்றனர். ஒருவர் கேட்பதற்கென்றே கற்றவர். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி ஆகியவற்றோடு மலமும் மூத்திரமும் இடம்பெற்றுள்ளன. நோயாளியின் மலத்தை ஆராயாத தமிழ் மருத்துவன் தன் தொழிலைப் பாதியில் விட்டவனாகவே கருதப்பட்டிருப்பான். அவ்வெட்டனுள் மொழியும் ஒன்று என்பது கருதத்தக்கது. மருத்துவர் அதனைக் குரலின் தன்மை என்று கொள்வர். மொழியையும் மலத்தையும் ஒரே வரிசையில் வைத்து ஆராய்ந்த மரபில் வந்தவன், மருத்துவர் முன் அச்சொல்லைச் சொல்லக் கூசி வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பி வருகின்றான் என்றால், இழந்தது நாகரிகத்தையா, நாகரிகத்தின் இடமறியும் அறிவையா?

கூச்சத்தோடு பழியும் சேரும்போது வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கின்றது. ‘என்ன தின்றானோ, எப்படி வாழ்ந்தானோ’ என்னும் பேச்சு நோயாளியின் காதுக்கு எட்டாமல் இருப்பதில்லை. உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 2015இல் வகைப்படுத்தியது. உடற்பருமன், மது, புகை என வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. ஆனால் 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொரு பக்கத்தையும் காட்டியது. பதினொரு நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளரின் புற்றணுக்களை ஆராய்ந்தபோது, குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் சுரக்கும் ‘கோலிபாக்டின்’ என்னும் நஞ்சு விட்டுச்சென்ற தடங்கள், எழுபதுக்கு மேல் நோயுற்றவரைவிட நாற்பதுக்குள் நோயுற்றவரிடம் மூன்று மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டன. அத்தடங்கள் குழந்தைப் பருவத்திலேயே பதிந்திருக்கக்கூடும் என்று அவ்வாய்வாளர் கருதுகின்றனர். முப்பத்தைந்து வயதில் ஒருவனைத் தாக்கிய நோய்க்கு வித்து அவன் ஐந்தாம் வயதில் விழுந்திருக்குமானால், அவன் எதற்காகத் தலைகுனிய வேண்டும்? தேர்வெழுதும் வயதைக்கூட எட்டாத பிள்ளைக்கு எவர் குற்றப்பத்திரிகை வாசிப்பார்?

நோயாளி சொல்லிவிட்டான், நோயும் அறியப்பட்டது. அதன்பின் வீட்டில் மங்கலம் தொடங்குகின்றது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது போல, புற்று என்னும் சொல்லுக்குப் பதில் ‘அந்த நோய்’ என்பர். ‘குடலில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள்’ என்பர். தாயின் மனம் அப்படிச் சொல்லித்தான் ஆறும். அதனை எவரும் குறை சொல்லார். ஆனால் அம்மங்கலம் நோயாளியின் உடன்பிறந்தோர் காது வரைக்கும் நீளும்போது அறம் வேறாகின்றது.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தையல் தொழில் செய்துவந்த பெண் ஒருத்தி, ஆல்டிரெட் வார்தின் என்னும் நோய்க்குறியியல் பேராசிரியரிடம் தன் மனத்துயரைச் சொன்னாள். தன் குடும்பத்தில் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தே மாண்டனர் என்றும், தானும் அவ்வாறே மாள்வாள் என்றும் அவள் கூறினாள். ஒரு தையற்காரியின் புலம்பல் என்று அவர் தள்ளிவிடவில்லை. அவள் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டினார், 1913இல் வெளியிட்டார். அவள் சொன்னபடியே அவளும் கருப்பைப் புற்றால் இறந்தாள். பல்லாண்டு கழித்து ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து இஃது ஒரு மரபுவழி நிலை என்று நிறுவினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதற்குக் காரணமான மரபணுக்களுள் முதலாவது 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவர்க்கு அந்நிலை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அது இருப்போர்க்கு இருபது, இருபத்தைந்து வயதிலேயே குடல் சோதனை தொடங்கப்படுகின்றது. இத்தனை அறிவுக்கும் முதற்படி, ஒரு பெண் தன் குடும்பத்துச் சாவுகளை மறைக்காமல் ஒருவரிடம் சொன்னதும், அவர் அதனைக் காதுகொடுத்துக் கேட்டதுமே.

இளவயதில் இந்நோய் வருவோருள் பெரும்பாலோரிடம் இத்தகைய மரபுக்காரணம் காணப்படுவதில்லை. ஆயினும் உடன்பிறந்தவருக்கு வந்தால் மற்றவர்க்கும் ஆபத்து ஓரளவு கூடுகின்றது. அதனால்தான் நெருங்கிய உறவினர் நோயுற்ற வயதிலிருந்து பத்தைக் கழித்து, அவ்வயதிலோ நாற்பதிலோ, எது முந்தியதோ அப்போதே சோதித்துக்கொள்க என்று அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் கூறுகின்றது. அண்ணனுக்கு முப்பத்தெட்டில் வந்ததென்றால் தம்பி இருபத்தெட்டில் சோதித்துக்கொள்ள வேண்டும். எளிய கழித்தல் கணக்கு. ஆனால் கழிப்பதற்கு வேண்டிய முதல் எண்ணைத் தம்பிக்கு யாரும் சொல்வதில்லை. ‘தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரம், வெளியே தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்?’ என்பது வீட்டின் வாதம்.

இவ்வாதத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. அது நியாயமன்று. நோயுள்ள குடும்பம் என்று பேர்பெற்றுப் பெண்ணின் திருமணம் தட்டிப்போவது கற்பனை அச்சமன்று, நடப்பதுதான். அந்தப் பெண்ணின் கண்ணீரைத் தராசின் ஒரு தட்டில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் மற்றத் தட்டில் அவளுடைய உயிரே இருக்கின்றது என்பதை வீட்டார் மறந்துவிடுகின்றனர். ஊர் அறிய வேண்டுவதில்லை. உறவுக்கூட்டம் அறிய வேண்டுவதில்லை. உடன்பிறந்தவர் அறிந்தே ஆக வேண்டும். அது நோயாளியின் தனியுடைமையான செய்தியன்று. ஒரே குருதியில் பங்குடைய எல்லாருக்கும் அதில் பங்குண்டு. தம்பிக்குச் சேர வேண்டிய சொத்தை மறைத்த அண்ணனை ஊர் என்ன சொல்லும்? இது சொத்தைவிடக் குறைந்ததா?

குழூஉக்குறியைப் பற்றியும் ஒரு சொல். பொன்னைப் ‘பறி’ என்று பொற்கொல்லர் தம்முள் சொல்லிக்கொள்வது போல மருத்துவர்க்கும் ஒரு மொழி உண்டு. மருத்துவமனையில் அது ஆங்கிலத்திலும் மலாயிலும் வழங்குகின்றது. ஆனால் ஒரு விந்தை உண்டு. தமிழிளைஞர் பலர் இச்செய்தியைத் தமிழில் சொல்லக் கூசி, பிறமொழியில் சற்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பிறமொழிச் சொல் அவர்க்கு அறிவியல் பாடத்தில் அறிமுகமானது. தமிழ்ச்சொல்லோ வசையாக, தெருவில் அறிமுகமானது. இது மருத்துவர்க்குரிய செய்தியன்று, தமிழாசிரியர்க்குரியது.

இனி, அவைக்கே செல்லலாம். இந்நோயால் இளவயதில் இறந்த இருவர் அண்மைக் காலத்தில் உலகோரால் பேசப்பட்டனர். ஒருவர் அமெரிக்கத் திரைப்பட நடிகர் சாட்விக் போஸ்மன். 2016இல் மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்று அவரிடம் கண்டறியப்பட்டது. அறுவைக்கும் மருந்துக்கும் இடையே படங்களில் நடித்துக்கொண்டே இருந்தார்; 2018இல் வந்த ‘பிளாக் பேந்தர்’ படத்தால் பெரும்புகழ் எய்தினார். 2020 ஆகஸ்ட் 28ஆம் நாள், தமது 43ஆம் வயதில் அவர் இறந்தபோதுதான் உலகம் அவர் நோயை அறிந்தது. அவர் மெலிந்திருந்ததைக் கண்டு அதே ஆண்டில் எள்ளி நகைத்தவரும் இருந்தனர்.

மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டெபோரா ஜேம்ஸ். பள்ளியொன்றின் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர், புலால் உண்ணாதவர், ஓடிப் பழகிய உடம்பினர், இரு பிள்ளைகளின் தாய். 2016 டிசம்பரில், 35ஆம் வயதில், நோய் கண்டறியப்பட்டது. அவர் நேர்மாறான வழியில் சென்றார். இதழில் எழுதினார், 2018 முதல் பி.பி.சி. ஒலிநிகழ்ச்சியில் பேசினார். மலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதைக் கூச்சமின்றி, குழந்தைகள் வழங்கும் சொல்லாலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஆங்கிலச் சொல் தமிழ்ச் செவிக்குப் ‘பூ’ என்றே ஒலிக்கும் என்பது ஒரு வேடிக்கை. இறுதி நாள்களில் அவர் தொடங்கிய நிதி 60 இலட்சம் பவுனைக் கடந்தது. 2022 மே மாதத்தில் இளவரசர் வில்லியம் அவர் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து ‘டேம்’ விருதளித்தார். அடுத்த மாதம் 28ஆம் நாள் அவர் மறைந்தார், வயது 40.

இவ்விருவரில் அறத்தால் உயர்ந்தவர் எவர்? வகுப்பறையில் இவ்வினாவை விடுத்தால், பேசியவரே உயர்ந்தவர் என்று மாணவர் ஒரே குரலில் சொல்லக்கூடும். பேசாதவர் பேசியிருந்தால் எத்தனை இளைஞர் சோதனைக்குச் சென்றிருப்பர் என்றும் கேட்கக்கூடும். அவ்விடை பாதியளவே சரியானது. போஸ்மன் மருத்துவரிடம் மறைக்கவில்லை, குடும்பத்தாரிடம் மறைக்கவில்லை. அவர் மறைத்தது அவையிடம் மட்டுமே. நோயுற்றவன் தன் உடம்பைப் பிறர்க்குப் பாடநூலாக விரித்துவைக்கக் கடமைப்பட்டவன் என்று எந்த அறநூலும் விதிக்க இயலாது. வலியோடு போராடும் ஒருவனிடம் போய், உன் வலியால் எனக்கு என்ன பயன் என்று கேட்பது போன்ற கொடுமை அது. டெபோரா ஜேம்ஸ் செய்தது கடமையைக் கடந்த கொடை. கொடையைக் கண்டு நன்றி பாராட்டலாம். கொடாதவனைக் கடன்காரன் என்று பிடிக்கலாகாது.

உண்மையில், பேசுவதற்கு ஒரு பெண் சாகும் தறுவாயில் வீரராக வேண்டியிருந்தது என்பதே அவைக்கு வந்த பழி. அப்பழியில் நலமாக இருப்பவர்க்கே பெரும்பங்கு. சிரித்தவர், முகம் சுளித்தவர், பாடத்தை விரைந்து கடந்தவர் ஆகியோர் அச்சொல்லின்மேல் ஏற்றிவைத்த பாரத்தை, நோயாளி தன் நோயோடு சேர்த்துச் சுமக்கின்றான். வழக்கில் பயின்ற சொல்லை மறைக்க வேண்டுவதில்லை என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கின்றார். ஒரு சொல்லை வழக்கில் பயிலச் செய்வது நோயாளியின் தொழிலன்று. அது நாள்தோறும் நாற்பது பிள்ளைகள் முன் நின்று சொற்களைப் புழக்கத்தில் விடுகின்றவரின் தொழில்.

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் செரிமானம் உண்டு. சுவரில் படம் தொங்கும். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என ஆசிரியர் பிரம்பு நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லச் செய்வார். பெருங்குடல் வரும்போது குரல் சற்றுத் தாழும். அதன்பின் படத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கும். பிரம்பு அங்கே செல்வதற்குள் ‘எல்லாரும் குறிப்புப் புத்தகத்தை எடுங்கள்’ என்று கட்டளை பிறந்துவிடும்.

அந்த இரண்டு பெயர்களையும் வாய் என்பதைச் சொன்ன அதே குரலில் சொல்லச் செய்தால் என்ன நேரும்? முதல் நாள் வகுப்பு சிரிக்கும். பின்வரிசையில் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். ஆசிரியர் சிரிக்காமலும் சினக்காமலும் மீண்டும் ஒரு முறை சொல்லச் சொல்வார். மூன்றாம் முறை சொல்லும்போது சிரிப்பு ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். யாரேனும் ஒரு சிறுவன் கையை உயர்த்தி, ‘ஐயா, அதில் இரத்தம் வந்தால் என்ன செய்வது?’ என்று கேட்கவும் கூடும்.